ஆங்கில மரபுத்தொடர்களைப் பயிலும் வகை

கடல் கடந்த நாடொன்றிலே, வைத்தியசாலையின் முன்கூடத்திலே, தமிழர் ஒருவர் இரவு முழுவதும் விழித்திருப்பதாகக் கொள்க. உள்ளே அவருடைய தந்தையாருக்குச் சத்திரசிகிச்சை நடைபெறுகின்றது. விடியும் வேளையிலே தாதி ஒருத்தி கதவைத் திறந்துகொண்டு வருகின்றாள். 'ஹீ ஹாஸ் புல்ட் த்ரூ' என்று நான்கே சொற்களிற் செய்தியைச் சொல்லிவிட்டு, அடுத்த அலுவலைப் பார்க்க விரைகின்றாள். காத்திருந்தவர் ஆங்கிலம் அறியாதவர் அல்லர். பத்தாண்டு காலம் பாடசாலையிலே அம்மொழியைப் படித்தவர்; பரீட்சையிலும் சித்தி பெற்றவர். 'புல்' என்றால் இழுத்தல் என்பதும், 'த்ரூ' என்றால் ஊடாக என்பதும் அவருக்கு நன்கு தெரியும். ஆயினும், தந்தையார் பிழைத்தாரா, இறந்தாரா என்பது மாத்திரம் அவருக்கு விளங்கவில்லை. நோயாளியைப் பற்றிய பேச்சிலே இழுத்தல் என்னும் சொல் வருவது தமிழ்ச் செவிக்கு நல்ல குறியாகவும் படுவதில்லை. 'சேடம் இழுக்கிறது' என்று கேட்டுப் பழகிய செவி அன்றோ அது?

உண்மையிலே தாதி கொணர்ந்தது நற்செய்தி. நோயாளி ஆபத்தைக் கடந்து பிழைத்துக்கொண்டார் என்பதே அத்தொடரின் பொருள். மகிழ்ச்சியால் நிறைந்திருக்க வேண்டிய உள்ளம், சொற்பொருள் விளங்காமையாற் சில கணமேனும் துடித்தது.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். தாதி சொன்ன நான்கு சொற்களில் அரிய சொல் ஒன்றேனும் இல்லை. கீழ்வகுப்புப் பிள்ளைகளும் அறிந்த சொற்களே அவை. ஆங்கிலம் பயில்வோர் பெரிய சொற்களைக் கண்டு அஞ்சுகின்றனர்; அவற்றை வருந்தி மனப்பாடம் செய்கின்றனர். ஆனால், வாழ்க்கையிலே அவர்களை இடறச் செய்பவை பெரும்பாலும் சின்னஞ்சிறு சொற்களே. தனித்தனி நிற்கும்போது எளியனவாய்த் தோன்றும் இரண்டு மூன்று சொற்கள் கூடி நின்று, தம் பொருளை விட்டு வேறொரு பொருளை உணர்த்துவதே இவ்விடர்ப்பாட்டுக்குக் காரணம்.

'கிவ்' என்பது கொடுத்தல். 'அப்' என்பது மேலே. 'கிவ் அப்' என்றாலோ கொடுத்தலும் இல்லை, மேலும் இல்லை. கைவிடுதல் என்பது பொருள். 'புட்' என்பது வைத்தல். 'புட் அப் வித்' என்பது பொறுத்துக்கொள்ளுதல். இவ்வாறு ஒரு வினையோடு 'அப்', 'டவுன்', 'இன்', 'அவுட்', 'ஓன்', 'ஓஃப்' முதலிய சிறுசொற்கள் சேர்ந்து புதுப்பொருள் தருவது ஒருவகை. வினையும் பெயரும் பிறவும் சேர்ந்து முழுத்தொடராகவே உறைந்து நிற்பது மற்றொரு வகை. 'கிக் த பக்கெட்' என்பதற்கு வாளியை உதைத்தல் என்பது சொற்பொருள். இறந்துபோதல் என்பது மரபுப்பொருள்.

இது விநோதமான மொழி என்று தமிழ் மாணாக்கன் சலித்துக்கொள்ள நியாயமில்லை. 'கிவ் அப்' என்பதற்கு மேலே தரப்பட்ட 'கைவிடுதல்' என்னும் சொல்லையே சிந்திக்கலாம். அதிலே கை எங்கே, விடுதல் எங்கே? 'மகன் தாயைக் கைவிட்டான்' என்ற வாக்கியத்தைத் தமிழ் பயிலும் பிறநாட்டார் ஒருவர் முதன்முதல் வாசித்தால், பிடித்திருந்த கையை விட்டான் என்றல்லவா கொள்வர்? தலையிடுதல், கைகழுவுதல், வாய்விட்டுச் சிரித்தல், கண்மூடுதல் எனத் தமிழிலும் இத்தகைய தொடர்கள் மலிந்து கிடக்கின்றன. 'சாப்பிட்டான்' என்பதற்கும் 'சாப்பிட்டுவிட்டான்' என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு தமிழ்க் குழந்தைக்குத் தெரியும்; அதனைப் பிறமொழியாளருக்கு விளக்கப் புகுந்தால் பண்டிதரும் சிறிது தயங்குவர். செயல் முற்றுப்பெற்றமையை அங்கே 'விடு' என்னும் துணைவினை காட்டுகின்றது. ஆங்கிலத்திலே 'ஈட்' என்பதோடு 'அப்' சேர்ந்து 'ஈட் அப்' ஆகும்போது, மிச்சமின்றி உண்டு முடித்தல் என்ற கருத்துப் பிறப்பதும் ஏறத்தாழ இதுபோன்றதே.

பெரியோர் ஒரு பொருளை எவ்வாறு சொல்லி வந்தனரோ அவ்வாறே சொல்லுதல் மரபு என்பது நன்னூலார் கருத்து. ஏன் அவ்வாறு சொல்லினர் என்று கேட்டு விடை பெறுதல் எப்பொழுதும் இயலாது. கேட்டுப் பழகுதல் இயலும். இதனைத் தமிழ் பயின்ற ஆங்கிலேயர் சிலர் நன்கு உணர்ந்திருந்தனர். யாழ்ப்பாணத்திலே பல்லாண்டு பணியாற்றிய பீற்றர் பேர்சிவல் பாதிரியார் தமிழ்ப் பழமொழிகளைத் தேடித் தொகுத்து ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டார். 1874ஆம் ஆண்டிற் பதிப்பித்த தொகுதியில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகள் உள்ளன. இலக்கணத்தை மாத்திரம் கற்றவனுக்கு ஒரு சமூகத்தின் பேச்சு முழுவதும் பிடிபடாது என்பதற்கு அவ்வுழைப்பே சான்று.

ஆங்கிலத்திலே இச்சிறுசொற்களின் ஆட்சி இத்துணை மிக்கதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1066ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின், அரசவையிலும் நீதிமன்றிலும் பிரெஞ்சு மொழி செல்வாக்குப் பெற்றது. கல்விக்கும் சமயத்துக்கும் இலத்தீன் இருந்தது. காலப்போக்கிலே பிரெஞ்சு வழியாகவும் இலத்தீனிலிருந்து நேராகவும் ஆயிரக்கணக்கான சொற்கள் ஆங்கிலத்திற் புகுந்தன. ஆகவே, அம்மொழியின் சொல்வளம் மாடிவீடு போல் இரு தளங்களை உடையதாயிற்று. மேல்தளத்திலே 'போஸ்ட்போன்', 'எக்ஸ்டிங்குவிஷ்', 'டொலரேட்', 'இன்வெஸ்டிகேட்' ஆகியவை இருக்கின்றன. கீழ்த்தளத்திலே அதே கருத்துகளுக்கு 'புட் ஓஃப்', 'புட் அவுட்', 'புட் அப் வித்', 'லுக் இன்டு' ஆகியவை இருக்கின்றன. புத்தகத்தின் மூலம் ஆங்கிலம் பயின்றவர் மேல்தளத்துக்கு ஏணி வைத்து ஏறியவர். ஆங்கிலேயரோ உண்பதும் உறங்குவதும் பிள்ளைகளைக் கொஞ்சுவதும் பெரும்பாலும் கீழ்த்தளத்திலேதான்.

இவ்விடர்ப்பாடு நெடுங்காலமாக அறியப்பட்டதே. 1755ஆம் ஆண்டில் தம் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், வினையோடு சிறுசொல் சேர்ந்துவரும் தொடர்களே பிறநாட்டாருக்குப் பெருந்தொல்லை தருவன என்று அதன் முன்னுரையிற் குறிப்பிட்டு, அவற்றைத் தனிக் கவனத்தோடு சேர்த்திருப்பதாகவும் எழுதினார். இவற்றுக்கு இன்று வழங்கும் 'ஃபிரேசல் வேர்ப்' என்னும் பெயரை 1925இல் வெளிவந்த தமது நூலிலே பயன்படுத்திய லோகன் பியர்சோல் ஸ்மித், ஒக்ஸ்போர்டு அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி தமக்கு அப்பெயரைத் தந்ததாகக் கூறியுள்ளார்.

சொற்களைக் குறைத்தாற் சுமை குறையும் என்று கருதியவரும் உளர். சி. கே. ஒக்டன் என்னும் அறிஞர் 1930ஆம் ஆண்டிலே 'பேசிக் இங்கிலிஷ்' என்ற எளிய ஆங்கிலத்தை வகுத்தார். அதிலுள்ள சொற்கள் 850. அவற்றுள் வினைகளாக நிற்பவை 18 மாத்திரமே. கேட்பதற்கு இது மிக இலகுவாகத் தோன்றும். ஆனால், வினைகள் பதினெட்டே என்றால், மற்றை வினைகளின் வேலையை யார் செய்வது? 'புட்', 'கெட்', 'டேக்', 'மேக்', 'கோ' போன்ற சிலவே சிறுசொற்களோடு கூடி அவ்வேலையைச் செய்யவேண்டியிருந்தது. மனப்பாடச் சுமை ஒருபுறம் குறைய, மரபுச் சுமை மறுபுறம் ஏறிற்று. சொற்களின் தொகை குறைவதால் மாத்திரம் ஒரு மொழி எளிதாகிவிடாது என்பதற்கு இது தக்க உதாரணம்.

மற்றொருவர் வேறு வழியை மேற்கொண்டார். 1924ஆம் ஆண்டில் ஜப்பான் சென்று ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹோர்ன்பி, மாணாக்கருக்குச் சொற்பொருள் மட்டும் போதாது, சொல் வாக்கியத்திலே எவ்வாறு நடக்கின்றது என்பதும் தெரியவேண்டும் எனக் கண்டார். தோழர் இருவரோடு சேர்ந்து அவர் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. பின்னர் 1948இல் ஒக்ஸ்போர்டு பதிப்பகம் அதனை வெளியிட்டது. இன்று உலகெங்கும் மாணாக்கர் கையிலுள்ள ஒக்ஸ்போர்டு மாணவர் அகராதிக்கு மூலம் அதுவே. ஒக்டன் சொற்களைக் குறைத்தார். ஹோர்ன்பி சொற்களை வாக்கியத்திலே நிறுத்திக் காட்டினார். மரபுத்தொடரைப் பயில விரும்புவோருக்கு வழிகாட்டுவது இரண்டாவது முறையே.

இனி, இலங்கை மாணாக்கரின் நிலையை நோக்கலாம். முன்னாளிலே ஆங்கிலப் பாடசாலையிற் படித்தவர் கணிதத்தையும் வரலாற்றையும் அம்மொழியிலேயே கேட்டனர். விளையாட்டு மைதானத்திலும் அதையே பேசினர். 1945ஆம் ஆண்டுக்குப் பின் தாய்மொழிவழிக் கல்வி படிப்படியாக வந்தது. அதனாற் பெற்ற நன்மை பெரிது. ஏழைப் பிள்ளைக்கும் கல்வியின் கதவு திறந்தது. எனினும், பெரும்பாலான மாணாக்கருக்கு ஆங்கிலம் நாளுக்கு ஒரு பாடவேளையிற் சந்திக்கும் விருந்தாளியாகிவிட்டது. விருந்தாளி வீட்டின் அடுக்களைப் பேச்சைப் பேசுவதில்லை. ஆகவே, முன்னோர் காதாற் பெற்றதை இன்றைய மாணாக்கர் முயற்சியாற் பெறவேண்டியிருக்கின்றது.

அம்முயற்சி எவ்வாறு அமைதல் வேண்டும்? வழக்கமாக நடப்பது இது. மாணாக்கன் ஒரு பட்டியலை எடுக்கின்றான். 'கெட் அப்' எழும்புதல். 'கெட் ஓவர்' மீளுதல். 'கெட் பை' சமாளித்தல். 'கெட் அவே' தப்புதல். 'கெட் எலோங்' ஒத்துப்போதல் என்று ஒரே மூச்சிலே இருபது தொடர்களை ஒப்புவிக்கின்றான். எல்லாவற்றுக்கும் முகம் ஒன்றே. வால் மாத்திரம் வேறு. மறுவாரம் எந்த வால் எந்தப் பொருளுக்கு உரியது என்பது மறந்துபோகின்றது. இரட்டைப் பிள்ளைகளை ஒருங்கே கண்டவன் பெயரை மாற்றி அழைப்பது போலத்தான் இதுவும்.

பட்டியலுக்குப் பதிலாகச் சந்தர்ப்பத்தைப் பற்றிக்கொள்ளுதல் நன்று. நோய் என்னும் ஒரு சந்தர்ப்பத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஒருவருக்குக் காய்ச்சல் பிடிப்பது 'கம் டவுன் வித்'. அவர் மயங்கி விழுவது 'பாஸ் அவுட்'. மயக்கம் தெளிவது 'கம் ரவுண்ட்'. பேராபத்திலிருந்து பிழைப்பது 'புல் த்ரூ'. நோயை முற்றும் கடந்து தேறுவது 'கெட் ஓவர்'. உயிர் நீங்குவது 'பாஸ் அவே'. இவ்வாறும் ஒரு கதையாகவே தொடர்வதால், ஒன்றை நினைக்க மற்றொன்று நினைவுக்கு வரும். 'பாஸ் அவுட்' என்பதற்கும் 'பாஸ் அவே' என்பதற்கும் உள்ள தூரம், மயக்கத்துக்கும் மரணத்துக்கும் உள்ள தூரம் என்பதை ஒருமுறை கதையாக எழுதிப் பார்த்தவன் பின்னர் மறவான். பேருந்துப் பயணம், தொலைபேசிப் பேச்சு, கந்தோர் அலுவல், கடைத்தெரு என ஒவ்வொரு சந்தர்ப்பத்துக்கும் இவ்வாறு ஐந்தாறு தொடர்களை வகுத்துக்கொள்ளலாம்.

ஒரு நாளைக்கு மூன்று தொடர்கள் போதும். ஒவ்வொன்றையும் தன் வாழ்க்கையைப் பற்றிய உண்மையான வாக்கியத்திலே எழுதுதல் வேண்டும். புத்தகத்திலுள்ள யாரோ ஒருவர் எதையோ ஒத்திவைத்தார் என்பதிலும், தன் தமக்கையின் திருமணம் மழையினால் ஒத்திவைக்கப்பட்டது என்பது மனத்திலே தங்கும். எழுதியதை மறுநாளும், ஒரு வாரம் சென்றும், ஒரு மாதம் சென்றும் மீண்டும் பார்த்தல் வேண்டும். கற்றது எவ்வளவு விரைவிலே மறந்துபோகின்றது என்பதைத் தம்மையே சோதித்து ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்கவுஸ், 1885ஆம் ஆண்டிலே தம் ஆய்வை வெளியிட்டார். ஒரே நாளிற் பன்முறை படிப்பதிலும், இடைவெளி விட்டுப் படிப்பது கூடுதற் பயன் தரும் என்பது அக்காலம் முதல் அறியப்பட்ட உண்மை.

எழுதினால் மட்டும் போதாது. வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். இத்தொடர்களின் இலக்கணத்திற் பாதி ஓசையிலே இருக்கின்றது. கூட்டத்தை ஒத்திவை என்பதற்கு, 'புட் ஓஃப் த மீட்டிங்' என்றும் சொல்லலாம். 'புட் த மீட்டிங் ஓஃப்' என்றும் சொல்லலாம். கூட்டம் என்ற பெயருக்குப் பதிலாக அதனை என்ற சுட்டு வந்தாலோ, 'புட் இட் ஓஃப்' என்று நடுவிலேதான் வைக்கவேண்டும். 'புட் ஓஃப் இட்' என்பது வழு. அதனை உச்சரிக்கும்போது அழுத்தம் 'ஓஃப்' என்பதன்மேல் விழும். 'லுக் அட் இட்' என்பதிலோ அழுத்தம் 'லுக்' என்னும் வினையிலே விழும். 'லுக் ஆஃப்டர்' போன்றவை எவ்விடத்தும் பிரியா. இவ்விதிகளை ஏட்டிலே படித்தாற் கடினமாகத் தோன்றும். பத்து முறை செவியாற் கேட்டு, பத்து முறை நாவாற் சொன்னால் நா தானே வழியைக் கண்டுகொள்ளும். 1943ஆம் ஆண்டில் பி.பி.சி. நிறுவனம் வானொலி மூலம் ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கியது. இன்று கையடக்கத் தொலைபேசியிலேயே ஒரு பேச்சை நிறுத்தி, திருப்பித் திருப்பிக் கேட்கும் வசதியும் வந்துள்ளது.

துணைவர் ஒருவர் கிடைத்தால் பயிற்சி இனிக்கும். ஒருவர் மேல்தளத்துச் சொல்லைச் சொல்ல, மற்றவர் கீழ்த்தளத்துத் தொடரை விடையாகச் சொல்லலாம். பத்திரிகைச் செய்தி ஒன்றை வாசித்து, அதனையே வீட்டிலே தம்பிக்குச் சொல்வதுபோல எளிய தொடர்களாற் சொல்லிப் பழகலாம். தமிழ் வழக்கை அப்படியே பெயர்க்கும் பழக்கத்தையும் இங்கே கண்டு திருத்திக்கொள்ளலாம். 'லைற்றைப் போடு' என்று வீட்டிலே சொல்பவர் ஆங்கிலத்திலும் 'புட் த லைட்' என்று சொல்ல விழைவர்; 'டர்ன் ஓன்' என்பதே அங்கே வழக்கு.

இடமறிந்து பேசுதலும் பயிற்சியின் ஒரு பகுதியே. 'கிக் த பக்கெட்' என்ற தொடரைப் புதிதாகக் கற்ற ஒருவன், நண்பனின் தந்தையார் காலமானபோது அனுதாபக் கடிதத்திலே அதனை எழுதிவிட்டால் என்னாகும்? 'தங்கள் தந்தையார் மண்டையைப் போட்டமை கேட்டு வருந்துகின்றேன்' என்று தமிழில் எழுதியது போலாகும். பொருள் பிழையன்று, மரியாதை பிழைத்தது. ஆகவே, ஒவ்வொரு தொடரையும் குறித்துக்கொள்ளும்போது, அது விளையாட்டுப் பேச்சுக்கு உரியதா, கடிதத்துக்கு உரியதா, துயர வீட்டுக்கு உரியதா என்பதையும் பக்கத்திலே குறித்துக்கொள்ளுதல் வேண்டும். ஐயம் உள்ளவிடத்து நேரான எளிய சொல்லைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

இதனால் மற்றோர் உண்மையும் புலப்படும். கேட்டு விளங்கவேண்டிய தொடர்கள் பல; பேசவேண்டிய தொடர்கள் சில. 'புட் அப் வித்' என்னாது 'டொலரேட்' என்று சொன்னவர் தவறு செய்தவராகார். சிறிது புத்தக வாடை வீசும், அவ்வளவே. ஆனால், பிறர் சொன்னதை விளங்காதிருத்தல் இழப்பைத் தரும். விண்ணப்பம் 'டர்ன்ட் டவுன்' ஆயிற்று என்ற செய்தி மறுக்கப்பட்டதைக் குறிக்கும் என்று அறியாதவர், நல்ல விடை வருமென்று நாட்கணக்காகக் காத்திருப்பர். ஆகையால், முதலிலே செவியை நிரப்புதல் வேண்டும். நா தன் காலத்தில் நிரம்பும்.

சிங்கள மாணாக்கரிடையே ஆங்கிலத்துக்குக் 'கடுவ' என்ற பட்டப்பெயர் ஒன்று வழங்குகின்றது. வாள் என்பது அதன் பொருள். அம்மொழியை நன்கு பேசுவோர், பேசத் தெரியாதோரை வெட்டி ஒதுக்கும் ஆயுதமாக அதனைப் பயன்படுத்தியதால் எழுந்த பெயர் அது. அப்பெயரிலுள்ள வேதனை தமிழ் மாணாக்கருக்கும் அந்நியமானதன்று. ஒரு சிறுசொல் பிழைத்தால் நகைப்பு எழும் என்ற அச்சத்தினால், ஆண்டுக்கணக்காகக் கற்ற மொழியை வாயிலே பூட்டி வைத்திருப்போர் பலர். மரபுத்தொடர் என்பது அறிவின் அளவுகோல் அன்று, பழக்கத்தின் பயன். பிறந்த நாள் முதல் அதனைக் கேட்டவனுக்கு அது இலவசமாகக் கிடைத்தது; மற்றவன் உழைத்துப் பெறுகின்றான். உழைப்பவனைக் கண்டு நகைப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை. நகைப்புக்கு அஞ்சி உழைப்பை நிறுத்துவதற்கும் காரணமில்லை.

வைத்தியசாலை முன்கூடத்திலே நின்றவரிடம் மீண்டும் வரலாம். அவருக்கு அத்தொடர் தெரியாமற் போனது குற்றமன்று. தெரியாததை மறைத்துத் தலையாட்டிவிட்டு, ஐயத்தோடு மூலையிலே அமர்ந்துவிட்டால், அது மாத்திரமே குற்றம். விரைந்து செல்லும் தாதியைக் கூப்பிட்டு, 'தந்தை உயிரோடு இருக்கின்றாரா?' என்று தமக்குத் தெரிந்த எளிய ஆங்கிலத்திலே கேட்பதற்கு ஒரு கணத் துணிவு போதும். 'ஆம்' என்ற விடை வந்தவுடன், 'புல் த்ரூ' என்ற தொடர் அவருடைய உள்ளத்திலே பதிந்துவிடும். அதன் பின் அதனை எந்த ஏட்டிலும் அவர் எழுதிப் படிக்கவேண்டியதில்லை.